குளத்தில் எத்தனை அடி தண்ணீர்? வெர்ச்சுவல் மெஷின் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அண்ணை, லப்டொப் செத்துப் போச்சு. மவுஸ்கூட அசையுதில்லை.”

கிளிநொச்சியில் என்னிடம் நெட்வொர்க்கிங் படிக்கும் தம்பி ஒருவன் போன மாதம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பார்த்தால் பழுது ஒன்றும் இல்லை. மொத்தம் 8 ஜீபி ரம். அடியில் ஓடுவது வின்டோஸ். அதற்கு மேல், ஒரே கணினிக்குள் பல இயங்குதளங்களை ஓட விடும் வெர்ச்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருளில் உபுண்டு ஒன்று, வின்டோஸ் சேர்வர் ஒன்று, காலி (Kali) லினக்ஸ் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 3 ஜீபி எழுதி வைத்திருந்தான். இரண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதையும் எழுப்பப் பார்த்திருக்கிறான். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவே இல்லை.

இதை விளங்க வைக்க எங்களுக்கு இரணைமடுக் குளம் போதும். சிறுபோகத்துக்கு முன் கூட்டம் வைப்பார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, இம்முறை இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். வெர்ச்சுவல்பொக்ஸ் போன்ற ஹைப்பர்வைசர் என்பதும் தண்ணீர் பங்கிடும் ஆள்தான். ஒரே கணினியின் புரொசசரையும் ரம்மையும் டிஸ்க்கையும் பல இயங்குதளங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொரு இயங்குதளமும் முழுக் கணினியும் தனக்கே என்று நினைத்து ஓடுகிறது. அப்படி நினைக்க வைப்பதுதான் ஹைப்பர்வைசரின் வேலை. அப்படி ஓடும் ஒவ்வொன்றும் ஒரு வெர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக வீஎம். ஆனால் குளம் ஒன்றுதான்.

புரொசசரும் ரம்மும் ஒரே மாதிரிப் பங்கிடப்படுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. புரொசசர் வாய்க்காலில் வரும் முறைத் தண்ணீர் மாதிரி. இன்று உன் முறை, நாளை என் முறை. கொஞ்சம் காத்திருந்தால் எல்லோருக்கும் பாயும். ரம் அப்படியில்லை, அது நெல் நிற்கும் வயல். ஒருவன் விதைத்த துண்டில் இன்னொருவன் விதைக்க முடியாது. ரம் முடிந்துவிட்டால் அடியில் உள்ள இயங்குதளம் டிஸ்க்கை ரம்மாகப் பயன்படுத்தத் தொடங்கும். டிஸ்க் ரம்மை விடப் பல மடங்கு மெதுவானது. தம்பியின் மவுஸ் நின்றது அதனால்தான். 8 ஜீபி இருந்தால் அடியில் உள்ள வின்டோஸுக்கு 4 ஜீபியாவது ஒதுக்குங்கள். மிச்சத்துக்குள் வீஎம்களைப் போடுங்கள். திரையே இல்லாத உபுண்டு சேர்வர் ஒன்றைப் பழகுவதற்கு 2 ஜீபி போதும்.

புரொசசரிலும் பேராசை வேண்டாம். நான்கு கோர் உள்ள கணினியில் ஒரு வீஎம்முக்கு நான்கையும் கொடுத்தால் அது வேகமாக ஓடும் என்று தோன்றும். நடப்பது வேறு. அடியில் உள்ள இயங்குதளத்துக்கும் அதே நான்கு கோர்தான், ஆகவே இரண்டும் முட்டிக்கொள்ளும். ஒன்றில் தொடங்குங்கள். உண்மையிலேயே போதாவிட்டால் இரண்டாக்குங்கள்.

அடுத்தது பயோஸ், கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல். 64 பிட் இயங்குதளம் நிறுவவே முடியவில்லை, பட்டியலில் 32 பிட் மட்டும்தான் வருகிறது என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் சிக்கல். பழைய எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) புரொசசர்களில் சில கட்டளைகள் ஹைப்பர்வைசருக்குத் தெரியாமலேயே நடந்துவிடும். அவற்றைப் பிடிக்க வழியிருக்கவில்லை. 1999இல் வந்த விஎம்வெயார் என்ற ஹைப்பர்வைசர் அந்தக் கட்டளைகளை ஓட ஓட மாற்றி எழுதித்தான் சமாளித்தது. அவற்றைப் பிடிக்க உதவும் விடி-எக்ஸ் என்ற வசதியை 2005இல் இன்டெலும், ஏஎம்டி-வி என்ற வசதியை 2006இல் ஏஎம்டியும் புரொசசருக்குள்ளேயே வைத்த பிறகு நிலைமை மாறியது. இப்போது வீஎம்மின் கட்டளைகள் பெரும்பாலும் நேரே புரொசசரில் ஓடுகின்றன. வன்பொருளைத் தொடுவது போன்ற சில வேலைகளுக்கு மட்டும் புரொசசர் வீஎம்மை நிறுத்தி ஹைப்பர்வைசரைக் கூப்பிடும். இந்த வசதி பல கணினிகளில் பயோஸில் அணைத்தபடியே வருகிறது. முதலில் அதைப் போடுங்கள். வின்டோஸ் 10, 11இல் டபிள்யூஎஸ்எல் 2 (வின்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) அல்லது ஹைப்பர்-வி (வின்டோஸின் சொந்த ஹைப்பர்வைசர்) ஓடினால் அந்த வசதியை அதுவே பிடித்து வைத்திருக்கும். வெர்ச்சுவல்பொக்ஸின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமை தெரிந்தால் காரணம் அதுதான். ஓடும், ஆனால் ஆமையாக ஓடும்.

வகுப்புகளில் அடிக்கடி நடக்கும் இன்னொன்று: ஒரு வீஎம்மைச் செய்து முப்பது பேருக்கும் அப்படியே பிரதி எடுத்துக் கொடுப்பது. ஒருவருக்கு இணையம் வந்தால் மற்றவருக்குப் போய்விடும். மக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒன்றே என்றால் அப்படித்தான். மக்கை மாற்றினாலும் உபுண்டுவில் மெஷின்-ஐடி (அந்த இயங்குதளத்தின் அடையாளம் உள்ள கோப்பு) ஒன்றாகவே இருந்தால் இரண்டுக்கும் ஒரே ஐபி கிடைக்கலாம். பிரதி எடுக்கும் முன் அந்தக் கோப்பை வெறுமையாக்கிவிடுங்கள். எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து உள்நுழையும் வழி) சாவிகளையும் ஒவ்வொன்றிலும் புதிதாக உருவாக்க வேண்டும்.

வைரஸ் கோப்பை வீஎம்முக்குள் திறந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பகிர்ந்த கோப்புறையும் பொதுக் கிளிப்போர்டும் திறந்திருந்தால் சுவரில் நீங்களே கதவு வெட்டி வைத்திருக்கிறீர்கள். சுவரும் இரும்பல்ல. 2015இல் வெளியான வெனம் என்ற ஓட்டை, யாருமே பயன்படுத்தாத ஃப்ளொப்பி டிரைவைப் போல நடிக்கும், கியூஎமு என்ற வீஎம் மென்பொருளின் நிரல் பகுதிக்குள் இருந்தது. அதன் வழியாக வீஎம்முக்கு உள்ளிருந்து வெளியே வர வாய்ப்பிருந்தது. ஹைப்பர்வைசருக்கும் அப்டேட் போட வேண்டும் என்பதைப் பலர் மறந்தே போகிறார்கள்.

இனி ஸ்நாப்ஷொட், அதாவது வீஎம்மை ஒரு நேரத்து நிலைக்கே திரும்பக் கொண்டுவர எடுத்து வைக்கும் குறி. எனக்கு இன்றைக்கும் மனம் வலிப்பது இதை நினைத்தால்தான்.

சில வருடங்களுக்கு முன் மாங்குளம் பக்கம் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. கணக்குகள் எல்லாம் ஒரு வீஎம்முக்குள். அப்டேட் போடும் முன் யாரோ ஒரு ஸ்நாப்ஷொட் எடுத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். எடுத்தவர் அதை எட்டு மாதம் அப்படியே விட்டுவிட்டார். எங்களிடம் பக்கப் இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். ஒரு நாள் டிஸ்க் நிரம்பி வீஎம் நின்றது. இடம் எடுக்க வேண்டும் என்று ஒருவர் கோப்புறையைத் திறந்து, எட்டு மாதமாகத் திகதி மாறாமல் கிடந்த பெரிய கோப்பைப் பழசு என்று அழித்துவிட்டார்.

அந்தப் பழைய கோப்புத்தான் அடித்தளம். ஸ்நாப்ஷொட் எடுத்தால் ஹைப்பர்வைசர் பிரதி எடுப்பதில்லை. இருக்கும் டிஸ்க் கோப்பை அந்த நிமிடத்தோடு பூட்டிவிடும். அதன் பிறகு எழுதும் எல்லாம் புதிய கோப்பொன்றுக்குப் போகும். கொப்பியின் பக்கத்துக்கு மேல் ட்ரேசிங் தாள் வைத்து எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்தாளில் மாற்றியது மட்டும்தான் இருக்கிறது, மாறாதது எல்லாம் கீழே. கொப்பியைக் கிழித்தால் தாளில் மிஞ்சுவது அங்கொரு எழுத்து, இங்கொரு எழுத்து. இரண்டு நாள் இருந்து முயன்றேன். எதையும் முழுசாக மீட்க முடியவில்லை.

ஆகவே ஸ்நாப்ஷொட்டை பக்கப் என்று நம்ப வேண்டாம். கொப்பியும் மேல்தாளும் ஒரே டிஸ்க்கில்தான் கிடக்கின்றன, டிஸ்க் போனால் இரண்டும் போகும். 72 மணித்தியாலத்துக்கு மேல் ஒரு ஸ்நாப்ஷொட்டை வைத்திருக்க வேண்டாம் என்று விஎம்வெயாரே சொல்கிறது. வேலை முடிந்ததும் அதை மென்பொருளின் வழியாகவே அழியுங்கள். அது மேல்தாளில் உள்ளதைக் கொப்பியில் சேர்த்து எழுதும் வேலை. நேரம் எடுக்கும், டிஸ்க்கில் இடமும் வேண்டும். நிரம்பும் வரை காத்திருந்தால் சேர்க்கவும் இடம் இராது. கோப்புறைக்குள் போய்க் கையால் எதையும் அழிக்க வேண்டாம். உண்மையான பக்கப் வேறொரு டிஸ்க்கில், முடிந்தால் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒருமுறையாவது வீஎம்மை எழுப்பிப் பார்த்திருக்கவும் வேண்டும்.

கடைசியாகக் கரண்ட். ஐப்பசி, கார்த்திகை மழையோடு மின்னலும் வரும், கரண்டும் போகும். சாதாரணக் கணினி சட்டென்று அணைந்தால் ஒரு இயங்குதளம்தான் அடிபடும். சேர்வர் அணைந்தால் அதற்குள் ஓடும் அத்தனை வீஎம்களும் ஒரே நொடியில் விழும். வேகமாக ஓடட்டும் என்று டிஸ்க் கேஷை ‘அன்சேஃப்’ என்று மாற்றி வைக்கும் பழக்கம் கேவிஎம் (லினக்ஸின் ஹைப்பர்வைசர்) பயன்படுத்துபவர்களிடம் உண்டு. அதில் டிஸ்க்கில் எழுதிவிட்டேன் என்று வீஎம்முக்குப் பதில் போகும்போது எழுத்து இன்னும் ரம்மிலேயே இருக்கும். வகுப்பில் பழகும் வீஎம்முக்கு அது பரவாயில்லை. கணக்கு ஓடும் வீஎம்முக்கு வேண்டவே வேண்டாம்.

யூபிஎஸ் வாங்கினால் மட்டும் போதாது. அதன் யூஎஸ்பி வயரைச் சேர்வரில் பூட்டி, பற்றரி குறையும்போது தானாக அணையும்படி அமையுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை, ஆட்கள் இல்லாத நேரம், சுவரிலிருந்து பிளக்கை நீங்களே கழற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். எங்கள் இடத்தில் முதல்முறை பார்த்தபோது வீஎம்கள் முழுசாக அணையும் முன்பே, ஆறாவது நிமிடத்தில் பற்றரி முடிந்துவிட்டது. இப்போது இரண்டாவது நிமிடத்திலேயே அணைக்கத் தொடங்குகிறோம். முதலில் பழகும் வீஎம்கள், பிறகு டேட்டாபேஸ், எல்லாம் அணைந்த பிறகுதான் சேர்வர்.