வீட்டுக் கணக்கை நாட்டின் மேல் போடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் பட்ஜெட் பேச்சு வந்தால் யாராவது ஒருவர், "வரவுக்குள்ள செலவு பண்ணத் தெரியாதவன்லாம் ஆள வந்துட்டான்" என்று முடித்துவிடுவார். ஐந்தொகை (வரவு, கடன், சொத்தெல்லாம் சேர்த்துப் பார்க்கும் கணக்கு) எடுத்துப் பழகிய ஊர், அப்படித்தான் தோன்றும். வீட்டுக் கணக்கை அரசாங்கத்துக்கும் போடுகிறோமே, நாம் அதிகம் செய்யும் தவறே இதுதான்.

பர்மாவை நினைத்துப் பாருங்கள். 1930-ல் நெல் விலை சரிந்து விவசாயிகளால் கடனைக் கட்ட முடியாமல் போனபோது, அவர்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்திருந்த ஒவ்வொரு செட்டியார் கடையும் தன் பேரேட்டைப் பார்த்து வசூலில் இறங்கியது. தனியாகப் பார்த்தால் சரியான முடிவுதான், ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கியதால் நிலத்தை விற்றுக் கடனடைக்க வாங்குவதற்கு ஆளில்லை, பணம் வரவேண்டிய இடத்தில் நிலம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1936-ல் 25 சதவீதம். ஒருவர் செலவுதான் இன்னொருவர் வரவு. மந்த காலத்தில் குடும்பங்களோடு சேர்ந்து அரசாங்கமும் செலவைச் சுருக்கினால் கடைத்தெரு படுத்துவிடும், வரி வசூலும் கூடவே விழும்.

அடுத்தது, "வருமான வரி கட்டுறவங்கதான் நாட்டைத் தாங்குறாங்க" என்பது. எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வரும். கண்டாங்கிச் சேலை நெய்கிறவர் போன் ரீசார்ஜ் செய்தால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறார், பெட்ரோலுக்கு மத்திய, மாநில வரி இரண்டும் கட்டுகிறார். நம் நகரத்தார் கோயில்களில் தலைக்கட்டுக்குச் சமமாகப் புள்ளி வரி, வசதிக்கேற்ப ஆஸ்தி வரி என்று இரண்டும் இருந்ததே, ஏன்? சமமான தொகை ஏழைக்குத்தான் பாரம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். ஒரே ரீசார்ஜுக்கு ஏழையும் பணக்காரரும் ஒரே ஜி.எஸ்.டி.தான் கட்டுகிறார்கள், அந்த வகையில் அது புள்ளி வரி மாதிரிதான்.

சம்பளம் கூடினால் வருமான வரியில் மேல் ஸ்லாபுக்கு, அதாவது கூடுதல் விகிதம் உள்ள படிக்கு, போய் நஷ்டம் என்று பயப்படுவதும் வேண்டாம், எல்லையைத் தாண்டிய பணத்துக்கு மட்டுமே கூடுதல் விகிதம்.

சரி, அப்படியானால் எவ்வளவு கடன் வாங்கினாலும் பரவாயில்லையா? அதுவும் தவறு. மாநில அரசால் நோட்டு அடிக்க முடியாது. நம் ஊரில் கடன் கொடுப்பவர் முதலில் எதற்கு என்றுதான் கேட்பார், பட்ஜெட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் வருவாய்ப் பற்றாக்குறை (அன்றாட வரவைத் தாண்டிப் போகும் அன்றாடச் செலவு) என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே தொகை இருந்தால், வாங்கிய கடனில் அவ்வளவும் சம்பளம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே போகிறது, சாலைக்கும் அணைக்கும் மிச்சம்தான்.