எம்எக்ஸ்-5 காருக்குள் மழைத்தண்ணீர் வந்த வழி

என்னுடையது 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர், துணிக்கூரை. பர்மிங்ஹாமில் தினமும் வேலைக்கு இதில்தான் போகிறேன், வேறு கார் கிடையாது. இலையுதிர் காலம் தொடங்கியதும் காலையில் கண்ணாடியெல்லாம் உள்பக்கம் ஆவி பிடித்திருக்கும், டிரைவர் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் சொதசொதவென்று ஆகிவிடும்.

கதவு ரப்பரை மாற்றினேன், பலனில்லை. அப்புறம் முன்கண்ணாடி ஓரம் முழுக்க சிலிக்கான் பூசியும் அதே கதைதான். ஹீட்டர் குழாய் ஒழுகுகிறதோ என்று பார்த்தால் கூலன்ட் (என்ஜினைக் குளிர்வித்து, ஹீட்டர் வழியாகவும் ஓடும் திரவம்) அளவு குறையவே இல்லை.

ராத்திரி முழுக்க மழையில் நின்றாலும் கால் பக்கம் காய்ந்துதான் இருக்கும், ஓட்டிப்போய் முதல் சிக்னலில் பிரேக் போட்ட பிறகுதான் நனையும் என்பது கவனத்துக்கு வந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தண்ணீர் பின்னால் தேங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் முன்னால் ஓடி வருகிறது! சீட்டுக்குப் பின்னால் தூக்கிப் பார்த்தேன், அங்கே குளம்.

கூரையில் வடியும் மழை, சீட் பெல்ட் பக்கம் இருபுறமும் உள்ள குழாய்களில் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் காருக்கு அடியில் வெளியேற வேண்டும். வலப்பக்கக் குழாயில் மக்கிய இலை அடைத்திருந்தது. புல்வெட்டி மெஷினின் நைலான் நரம்பை மெதுவாக விட்டு ஆட்டியதும் கறுப்புச் சேறு கொட்டியது. கம்பி வேண்டாம், குழாய் கிழியும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், உள்ளே குழாய் கழன்றுவிட்டால் பெரிய வேலை. கடைசியாக ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அத்தனையும் கீழே வருகிறதா என்று பாருங்கள்.

கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சைக் கழற்றிக் காயவைத்தே ஆக வேண்டும், அது லேசில் காயாது.