நடமாடும் பணியை மென்பொருளால் கவனிப்பது எப்படி?

சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து ஈசூன் வரை பொட்டலங்களை விநியோகிக்கும் ஒருவரின் வேலைமுறையை ஆய்வுக்காக அவரது கைப்பேசித் திரையிலும் தனிக் கேமராவிலும் பதிவுசெய்வதற்கு முன், அவருடைய ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். தனிநபர் தகவல்களைத் திரட்டுவதற்குச் சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக ஒப்புதலை வேண்டுகிறது.

ஆண்ட்ராய்டு 11 முதல் திரைப்பதிவு வசதி கைப்பேசியிலேயே இருப்பதால் தனிச் செயலி தேவையில்லை. ஆனால் வாட்ஸ்அப் அறிவிப்புகளை நிறுத்திவையுங்கள். இல்லையேல் ‘வரும்போது தயிர் வாங்கி வாங்க’ என்ற வீட்டுச் செய்தியும் ஆய்வில் இடம்பிடித்துவிடும்.

சுரங்கப்பாதையில் ஓடும் எம்ஆர்டி ரயிலில் ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது என்பதால், ஏறிய நிலையத்தையும் இறங்கிய நிலையத்தையும் நேரத்துடன் கையால் குறித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் இக்குறிப்புகளே பின்னர் மிகவும் உதவின.

தொடக்கத்தில் கைப்பேசியின் கடிகாரத்தை, நொடிகள் தெரியும்படி, கேமராவிலும் ஒருமுறை படம்பிடித்துவிட்டால், காணொளிகளை ஆராய உதவும், இலவசமாகக் கிடைக்கும் ஈலான் (ELAN) மென்பொருளில் திரைப்பதிவையும் காணொளியையும் நொடி பிசகாமல் இணைத்துப் பார்க்கலாம்.