மாற்றுத்திறனாளி இளைஞருக்கு ஆன்லைனில் வேலை வழிகாட்டியாக இருப்பது எப்படி?

பார்வையற்ற பி.காம். பட்டதாரி ஒருவருக்கு ஆன்லைனில் வழிகாட்டத் தொடங்கிய முதல் வாரம். செய்தித்தாளில் வந்த வேலை அறிவிப்பைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் போனில் இருந்த திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) "படம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து படித்துச் சொல்வதற்குள் விண்ணப்பிக்கும் தேதி முடிந்துவிட்டது. அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தேவை ஒரு போன், வாரம் ஒரு மணி நேரம், நிறையப் பொறுமை.

1. எப்படிப் பேசலாம் என்று அவரிடமே கேளுங்கள்

முதல் அழைப்பில் வேலையைப் பற்றி எதுவும் வேண்டாம். "நாம் பேச எது உங்களுக்கு வசதி?" என்று கேளுங்கள், போதும்.

பார்வையற்றவர் என்றால் எதையும் டைப் செய்த எழுத்தாக அனுப்புங்கள். உங்கள் திரையைப் பகிர்ந்துவிட்டு "இதோ, இங்கே பாருங்கள்" என்றால் அவருடைய திரைவாசிப்பானால் எதையும் படிக்க முடியாது. ஃபைலை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, "மூன்றாவது தலைப்புக்குப் போங்கள்" என்று சொல்லுங்கள்.

காது கேளாத இளைஞர்கள் பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. எழுத்துத் தமிழ் அவர்களுக்கு இரண்டாவது மொழி. அதனால் வாட்ஸ்அப்பில் வாக்கியம் முன்பின்னாக வந்தால் விஷயம் தெரியாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. நீங்களும் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். பேச்சு மெதுவாக வரும் பெருமூளை வாதம் உள்ளவரிடம் பேசும்போது, அவர் முடிக்கும்வரை காத்திருங்கள். நடுவில் நீங்கள் சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

2. வீட்டாரிடம் தனியாகப் பேசுங்கள்

பல வீடுகளில் கேள்வி பிள்ளைக்குப் போகும், பதில் அம்மாவிடமிருந்து வரும். அது பாசத்தில் வருவது. ஒருநாள் அம்மா அப்பாவை மட்டும் அழைத்து, அவர்கள் பயத்தை முழுதாகக் கேளுங்கள். பஸ், இரவு ஷிப்ட், கழிப்பறை எல்லாம் வரும். அப்புறம், "எங்கள் ஒரு மணி நேரத்தில் தம்பியே பேசட்டும்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆதார் நகல், ஓ.டி.பி., பாஸ்வேர்டு எதையும் நீங்கள் வாங்காதீர்கள். வேலைக்கு முன்பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் பணம் கட்ட வேண்டாம் என்று அன்றே சொல்லிவிடுங்கள்.

3. காகிதங்களைச் சரிபாருங்கள்

யூ.டி.ஐ.டி. எனும் மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா, அதில் ஊனத்தின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவு உள்ளவர்களுக்கு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 4 சதவீதத்தை ஒதுக்குகிறது. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, உடல் இயக்கக் குறைபாடு ஆகியவற்றுக்குத் தலா 1 சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்றவற்றுக்குச் சேர்த்து 1 சதவீதம். தகுதியுள்ளவருக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு என்றால் நான்கு மணி நேரம். இதை விண்ணப்பிக்கும்போதே குறிப்பிட வேண்டும்.

4. தன் தேவையைத் தானே சொல்லப் பழக்குங்கள்

மூன்று மாதத்தில் இது ஒன்றுதான் முடிந்தது என்றாலும் எனக்குத் திருப்தி. அவ்வளவு முக்கியம்.

முதலில் அந்த பி.காம். தம்பி இப்படித்தான் சொன்னார்: "எனக்குக் கண்ணு தெரியாது மேடம், எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்." கேட்கிறவருக்கு இரக்கம் வரும், வேலை கொடுக்கத் தைரியம் வராது. எது தேவை, அது இருந்தால் என்ன செய்ய முடியும், அதற்கு நிறுவனம் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் அவர் வாயிலிருந்தே வரவழைத்தேன். நான் எழுதிக் கொடுக்கவில்லை. நான்கு வாரம் ஆனது. கடைசியில் அவர் சொன்னது இது:

"எனக்குப் பார்வை இல்லை. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருளோடு கம்ப்யூட்டரில் வேலை செய்கிறேன். அது இலவசம். எக்ஸெல், மின்னஞ்சல் இரண்டையும் அதில் செய்வேன். அதை நிறுவ உங்கள் ஐ.டி. பிரிவு அனுமதிக்க வேண்டும். ஸ்கேன் செய்த காகிதத்துக்குப் பதில் டைப் செய்த ஃபைலாகக் கொடுத்தால் நானே படித்துக்கொள்வேன்."

"இவ்வளவு கேட்டா வேலை கொடுப்பாங்களா அக்கா?" என்று கேட்டார். நியாயமான பயம்தான். தேவையான வசதி செய்து தருவதைப் பற்றி அதே 2016ஆம் ஆண்டுச் சட்டமே பேசுகிறது, ஒவ்வொரு நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன செய்யும் என்று சொல்லும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது என்று விளக்கினேன். நேர்காணலுக்கு முன் அந்தக் கொள்கையை நிறுவனத்திடம் கேட்டு வாங்கவும் பழக்குங்கள்.

5. ஒத்திகை பாருங்கள்

வீடியோ அழைப்பில் நீங்கள் முதலாளி. சங்கடமான கேள்விகளையும் கேளுங்கள்: "தனியாக எப்படி வருவீர்கள்?", "மற்றவர்களைவிட மெதுவாகச் செய்வீர்களா?" பதில் தடுமாறினால் அங்கேயே நிறுத்தித் திருத்த வேண்டாம். முழுதும் முடியட்டும். பார்வையற்றவர் கேமராவுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறாரா, முகத்தில் வெளிச்சம் விழுகிறதா என்பதையும் சொல்லுங்கள். அவருக்கு அதை வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆன்லைன் விண்ணப்பத்தையும் ஒருமுறை அவரே நிரப்பிப் பார்க்கட்டும். தேதி தேர்வு செய்யும் கட்டம், படத்தில் வரும் எழுத்தைக் கேட்கும் கேப்ட்சா, கையெழுத்துப் படத்தை ஏற்றுவது ஆகிய மூன்றிடத்தில்தான் பெரும்பாலும் நிற்கும். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பே உட்காருங்கள்.

6. அதே நிலையில் இருந்து வேலைக்குப் போனவரைக் கூட்டி வாருங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1992இல் தொடங்கிய டூ-இட் திட்டம், மாற்றுத்திறனாளி மாணவர்களை மின்னஞ்சல் வழியாக வழிகாட்டிகளோடு இணைத்தது. அந்த வழிகாட்டிகளில் பலர் தாங்களும் மாற்றுத்திறனாளிகள். அதன் அருமையை நான் நேரில் பார்த்தேன். வங்கியில் வேலை பார்க்கும் பார்வையற்ற அண்ணன் ஒருவர் அரை மணி நேரம் எங்களோடு பேசினார். மதியச் சாப்பாட்டுக்குக் கேன்டீனில் யாரோடு போவது, பஸ் எண்ணை எப்படித் தெரிந்துகொள்வது என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். இவை எதையும் என்னிடம் அவர் கேட்டதே இல்லை.

7. வேலையில் சேர்ந்த பிறகு

முதல் மாதம் வாரம் ஒருமுறை பேசுங்கள். சேரும் நாளுக்கு முன்பே, வீட்டிலிருந்து அலுவலக வாசல்வரை நண்பர் ஒருவரோடு இரண்டு முறை போய்வரச் சொல்லுங்கள். ஒருமுறை காலைக் கூட்டத்திலும், இன்னொருமுறை இருட்டிய பிறகும்.