சி.என்.சி. ரூட்டரில் ஜீரோ எடுப்பதும் பிட் மாற்றுவதும்: ஒரு பெயர்ப்பலகையை வைத்துப் பழகலாம்

3018 என்று விற்கிற சின்ன ரூட்டரை, அதாவது 300க்கு 180 மி.மீ. அளவில், கம்ப்யூட்டர் கட்டளைப்படி மரத்தைச் செதுக்குகிற மெஷினை, புதிதாக வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பலகை எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது. நாம் தொட்டுக் காட்டும் புள்ளியிலிருந்துதான் எல்லாவற்றையும் அளக்கும். அந்தப் புள்ளிதான் ஜீரோ.

நான் முதலில் செய்த பலகை வீணானது இந்த இடத்தில்தான். எழுத்துகள் மேடாக நிற்கும்படி, சுற்றியுள்ள மரத்தை 2 மி.மீ. ஆழத்துக்கு ஃபிளாட் பிட்டால், அதாவது அடி தட்டையான வெட்டும் முனையால், எடுத்திருந்தேன். ஓரங்களைக் கூர்மையாக்க, கூம்பு முனையுள்ள வி-பிட் மாட்டி, கைக்கு எட்டிய இடத்தில் இசட் ஜீரோ, அதாவது உயரத்துக்கான ஜீரோ, எடுத்தேன். அது ஏற்கனவே வெட்டிய பள்ளம். எல்லா எழுத்தும் 2 மி.மீ. கூடுதல் ஆழத்தில் சிதைந்தது. அன்றிலிருந்து வேலை முடியும்வரை எந்த பிட்டும் தொடாத ஒரு மூலையை முதலிலேயே ஒதுக்கி வைக்கிறேன்.

மூலையை ஒதுக்குங்கள்

பலகையின் இடது கீழ் மூலையில் பென்சிலால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். டிசைனிலும் அதே புள்ளியை 0,0 என்று வையுங்கள். வெட்டும் பகுதி அங்கிருந்து 10 மி.மீ. உள்ளே தொடங்கட்டும். இசட் ஜீரோவைப் பலகையின் மேற்பரப்பு என்று குறித்துவிடுங்கள். இந்த மெஷின்களில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் டூல் (பிட்) மாற்றும் கட்டளையை ஏற்காது. அதனால் ஒவ்வொரு பிட்டுக்கும் தனித்தனி ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ், ஒய் ஜீரோ

எக்ஸ் என்பது இடது-வலது, ஒய் என்பது முன்-பின். முதலில் வி-பிட்டை மாட்டுங்கள். முனை கூராக இருப்பதால் குறியின் நடுவே நிறுத்துவது எளிது. முன்பக்கம் ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை குனிந்து பாருங்கள். ஒரே பக்கமிருந்து பார்த்தால் கண் ஏமாற்றும். சரியாக நின்றதும், கம்ப்யூட்டரிலிருந்து மெஷினை ஓட்டும் கேண்டில் மென்பொருளில் எக்ஸ்ஒய் ஜீரோ பட்டனை அழுத்துங்கள்.

இசட் ஜீரோ

ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) கட்டாயம் நின்றிருக்க வேண்டும். குறிக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் பேப்பர் துண்டை வைத்து, பிட்டை 0.1 மி.மீ. வீதம் இறக்குங்கள். பேப்பரை இடைவிடாமல் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருங்கள். முதலில் வழுக்கிக்கொண்டு வரும். பிறகு விரலில் லேசான இழுவை தெரியும். அங்கே நிறுத்துங்கள், பேப்பர் கிழிந்தால் அதிகம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். இசட் ஜீரோ அழுத்துங்கள். பேப்பரின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ.; மர வேலைக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை.

ப்ரோப் தகடு, அதாவது பிட் தொட்டதும் மெஷினுக்குச் சொல்லும் உலோகத் தகடு, இருந்தால் அதன் தடிமனை வெர்னியரில் அளந்து மென்பொருளில் கொடுங்கள். இறக்குவதற்கு முன் தகட்டைக் கையால் பிட்டில் தொட்டு, திரையில் ப்ரோப் நிலை மாறுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். வயர் விட்டிருந்தால் பிட் நிற்காமல் தகட்டில் இறங்கிவிடும். முடிந்ததும் பிட்டில் மாட்டிய கிளிப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.

இப்போது பிட்டைச் சற்று உயர்த்தி 0,0க்குக் கொண்டுவந்து, ஸ்பிண்டிலை ஓடவிட்டு, 0.5 மி.மீ. மட்டும் இறக்கி ஒரு சின்னப் புள்ளி குத்துங்கள். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

பிட் மாற்றுவது

வி-பிட்டைக் கழற்றி 3.175 மி.மீ. ஃபிளாட் பிட் போட வேண்டும். பிட்டை நன்றாக மேலே தூக்கி, ஸ்பிண்டில் வயரைக் கழற்றிவிடுங்கள். பிட்டை இறுக்கியிருக்கும் நட்டைத் திருப்பும்போது ஸ்பிண்டில் நகர்ந்தால் எக்ஸ், ஒய் இரண்டும் போச்சு. ஜிஆர்பிஎல்லில் டாலர் 1 ($1) என்ற அமைப்பு வழக்கமாக 25 என்று இருக்கும். அதாவது ஸ்பிண்டிலைத் தாங்கும் வண்டி நின்ற 25 மில்லி விநாடியில், அதை நகர்த்தும் மோட்டார்கள் பிடியை விட்டுவிடும். அதை 255 ஆக்கினால் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஸ்பேனர் இரண்டு வேண்டும்: ஒன்று ஸ்பிண்டிலின் தண்டுக்கு, ஒன்று நட்டுக்கு. இரண்டின் கைப்பிடியையும் ஒரே உள்ளங்கைக்குள் கொண்டுவந்து கத்தரிக்கோல் மூடுவதுபோல் அழுத்துங்கள். விசை இரண்டுக்கும் நடுவிலேயே அடங்கிவிடும், வண்டியைத் தள்ளாது.

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் இஆர்11 கோலெட்டை முதலில் நட்டுக்குள் சற்றுச் சாய்த்து அழுத்தினால் "டிக்" என்று உட்காரும். அதன் பிறகே நட்டைத் தண்டில் ஏற்ற வேண்டும். அப்படி உட்காராத கோலெட் பிட்டை நேராகப் பிடிக்காது, முனை ஆடும். பிட் இல்லாமல் வெறும் கோலெட்டை இறுக்காதீர்கள். பிட்டின் வழவழப்பான தண்டு மட்டும் கோலெட்டுக்குள் இருக்கட்டும், வெட்டும் பள்ளம் உள்ளே போகக் கூடாது.

புது பிட்டின் நீளம் வேறு என்பதால் இசட்டை மட்டும் அதே மூலையில், புள்ளியை விட்டுத் தள்ளி, மறுபடி எடுங்கள். எக்ஸ்ஒய் பட்டனைத் தொடவே வேண்டாம். ஃபிளாட் பிட்டைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பேப்பரை அசையுங்கள், வெட்டும் முனை பேப்பர்மேல் வந்த நிலையில் இழுவையைப் பாருங்கள்.

ஃபைலை ஓட்டுவதற்கு முன் இசட்டை 5 மி.மீ. உயரத்தில் வைத்து 0,0க்கு அனுப்புங்கள். புள்ளிக்கு நேர் மேலே நிற்கிறதா? பிட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு ஸ்கேலைச் செங்குத்தாக வைத்தால் 5 மி.மீ. தெரிகிறதா? தெரிந்தால், ஸ்பிண்டில் வயரை மறுபடி மாட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டலாம். ஃபிளாட் வேலை முடிந்ததும் வி-பிட்டுக்கும் இதே வரிசைதான்.

நடுவில் கரண்ட் போனால், ஓட்டத்தின் எல்லையை உணரும் லிமிட் ஸ்விட்ச் இல்லாத மெஷின் தான் நின்ற இடத்தை மறந்துவிடும். அப்போதுதான் அந்தப் புள்ளி கைகொடுக்கும். வி-பிட்டை மாட்டி, முனையைப் புள்ளிக்குள் இறக்கி எக்ஸ்ஒய் ஜீரோ அழுத்துங்கள். பிறகு வேலைக்கான பிட்டை மாட்டி, இசட்டைப் பக்கத்தில் எடுத்து, அந்த ஃபைலை முதலிலிருந்து ஓட்டுங்கள். ஏற்கனவே வெட்டிய இடங்களில் பிட் காற்றில்தான் போகும்.