429 கோடி எண்ணைப் பேப்பரிலேயே உடைப்பது எப்படி?

எண் இதுதான்: 4294967297. இது பகா எண்ணா, இல்லையென்றால் காரணிகள் என்ன? 3, 7, 11 என்று வரிசையாக வகுக்க உட்காராதீர்கள், வர்க்கமூலம் 65,536ஐத் தொடுகிறது, அதற்குள் ஆறாயிரத்துக்கும் மேல் பகா எண்கள் கிடக்கின்றன. இலக்கங்களைக் கூட்டினால் 59, ஆகவே 3 போகாது. கடைசி இலக்கம் 7, ஆகவே 2, 5 போகாது. இலக்கத்தைப் பார்த்துத் தெரிவது அவ்வளவுதான்.

எண் எப்படி உருவானது என்று பாருங்கள். இது 2³² + 1. இதே வகையில், அதாவது 2இன் அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போக 1 கூட்டினால், முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள் என்பதால் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா இதுவும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார். 1732இல் சுவிஸ் கணிதர் ஆய்லர் அதை உடைத்தார். 2³² + 1க்குப் பகா காரணி இருந்தால் அது 64இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும் என்பது அவர் கண்ட வழி. பிறகு பிரெஞ்சுக் கணிதர் லூக்கா அதை 128இன் மடங்கோடு 1 என்று இன்னும் இறுக்கினார்.

சரி, 128இன் மடங்குகளோடு 1 கூட்டி எழுதுங்கள்: 129, 257, 385, 513, 641. இதில் 129, 385, 513 பகா எண்களே இல்லை. 257ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்து 641, மீதியில்லாமல் போகிறது, ஈவு 6700417. ஆறாயிரம் வகுத்தல் இரண்டாகச் சுருங்கிவிட்டது!

அந்த நீள வகுத்தலுக்கும் சோம்பலாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 5 × 2⁷ = 640, இது 641ஐ விட 1 குறைவு, அதாவது 641ஆல் வகுத்தால் மீதியை −1 என்று எடுக்கலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்துங்கள்: 5⁴ × 2²⁸ என்பதன் மீதி 1. ஆனால் 5⁴ = 625, அது 641ஐ விட 16 குறைவு, எனவே அந்த இடத்தில் −2⁴ போடலாம். ஆக −2³² இன் மீதி 1, அப்படியானால் 2³² + 1 இன் மீதி பூஜ்யம்.

6700417 மேலும் உடையுமா? அதே விதிதான். வர்க்கமூலம் 2588 சொச்சம், அதுவரை 641, 769, 1153, 1409 இவற்றால் மட்டும் வகுத்துப் பாருங்கள் (257 ஏற்கெனவே கழிந்தது). எதுவும் போகாது, ஆகவே அது பகா எண். அப்புறம் மற்றதெல்லாம் சுலபம்: வகுத்திகள் மொத்தம் நான்கு, அவற்றின் கூட்டுத்தொகை 4301668356.

இன்னொரு சோதனையும் ஆய்லருடையதே. ஒற்றைப்படை எண் ஒன்றை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரு விதமாக எழுத முடிந்தால் அது பகா எண் அல்ல. இதை 65536² + 1² என்று பார்த்தவுடனே எழுதலாம். இரண்டாவது விதம் காரணிகளிலிருந்து வருகிறது: 641 = 25² + 4², 6700417 = 2556² + 409². 25 × 2556இலிருந்து 4 × 409ஐக் கழித்தால் 62264. 25 × 409ஓடு 4 × 2556ஐக் கூட்டினால் 20449. இந்த இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டிப் பாருங்கள், அதே 4294967297 வரும்.