'மஸ்ட் நாட்' எழுதும் முன்

'மஸ்ட் நாட்' என்று எழுதும் முன் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'கூடாது' என்று முடிந்தால் மஸ்ட் நாட். 'தேவையில்லை' என்று முடிந்தால் 'டோன்ட் ஹேவ் டு' அல்லது 'நீட் நாட்'.

'ஐ மஸ்ட் கோ', 'ஐ ஹேவ் டு கோ' இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருள் தருவதால், எதிர்மறையிலும் அப்படித்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். மஸ்ட் நாட்டில் 'நாட்' செயலையே மறுக்கிறது, அதனால் அது தடை. டோன்ட் ஹேவ் டுவில் மறுக்கப்படுவது கட்டாயம் மட்டும், விரும்பினால் செய்யலாம். 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ' என்று ஊழியருக்கு மெயில் போனால், ஏதோ தப்பு செய்துவிட்டோம், உள்ளே விடமாட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார். நாளை விடுமுறை என்பது நீங்கள் சொல்ல வந்த சேதியாக இருக்கலாம்!

அவன், அவள், அது வந்தால் 'டஸன்ட் ஹேவ் டு'. நேற்றைய விஷயம் என்றால் 'டிடன்ட் ஹேவ் டு'. நேற்றைய தடைக்கு மஸ்ட் நாட் உதவாது, 'வாஸ் நாட் அலவ்ட் டு' போடுங்கள்.

'வேண்டாம்' என்று முடிகிற வாக்கியத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். 'அவசரப்பட வேண்டாம்' என்பது தேவையில்லை என்ற பொருள். 'குப்பை போட வேண்டாம்' என்ற பலகை பணிவான தடை. அதற்கு வெறும் 'டோன்ட்' அல்லது 'ப்ளீஸ் டோன்ட்' போதும். ஊகத்துக்கும் இந்தச் சோதனை செல்லாது: 'அவர் வீட்டில் இருக்க வாய்ப்பில்லை' என்று ஊகித்தால் 'ஹி கான்ட் பி அட் ஹோம்'.